‘டார்க் வாட்டர்’: ஒழுகல் வேலை பார்க்கிறவன் எழுதும் விமர்சனம்

பேய்ப் படம் என்று சொல்லித்தான் அக்கா மகள் உட்கார வைத்தாள். முதல் அரை மணி நேரம் பார்த்தால் அடுக்குமாடி வீட்டுக்காரர்களின் சொசைட்டி மீட்டிங். படுக்கையறைக் கூரையில் ஓதம். மேல்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பில்டிங்கைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறார், ஒன்றும் செய்வதில்லை. வாடகைக்குப் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் வீட்டைக் காட்டும்போது பேசிய பேச்சு என்ன, பிறகு நழுவுகிற நழுவல் என்ன! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மாமா, இது ஹாரர், சிரிக்கக் கூடாது” என்றாள். நீ இந்த மும்பை சொசைட்டி செக்ரட்டரிகளைப் பார்த்ததில்லை என்றேன்.

2002-ல் வந்த ஜப்பானியப் படம். இயக்கியவர் ஹிடியோ நகாதா. டிவிக்குள்ளிருந்து முடியை விரித்துப்போட்டுக்கொண்டு ஒரு பெண் ஊர்ந்து வருவாளே, 1998-ல் அந்த ‘ரிங்’ படத்தை எடுத்தவரும் இவர்தான். இரண்டுக்கும் மூலக்கதை கோஜி சுசுகி என்ற எழுத்தாளருடையது. நீளம் 101 நிமிடம். இதே பெயரில் 2005-ல் ஆங்கிலத்திலும் ஒன்று வந்தது, தேடும்போது மாற்றி எடுத்துவிடாதீர்கள். இன்னொன்றும் இப்போதே சொல்லிவிடுகிறேன். முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி எனக்கு எழுத வராது. பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு, பார்த்துவிட்டு வாருங்கள்.

எனக்கு இதில் பேச உரிமை உண்டு. நான் வாட்டர்ப்ரூஃபிங் கான்ட்ராக்டர். அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்த குடும்பம். சயான், மாட்டுங்கா, செம்பூர், காட்கோபர் வரைக்கும் எனக்கு வேலை உண்டு. மொட்டைமாடிக்கு செங்கல் ஜல்லி போட்டு கோபா என்ற சாய்வுத் தளம் போடுவது, பாத்ரூம் உடைத்து தரைத் தண்ணீர் வடிகிற நஹானி ட்ராப் மாற்றுவது, டேங்க் உள்பூச்சு, வெளிச்சுவர் வெடிப்பு அடைப்பது எல்லாம் செய்வோம். இந்தத் தொழிலில் ஒரு கூத்து உண்டு. ஜூன் பிறந்தால் ஃபோன் ஓயாது, ஆனால் வேலை ஓடாது. மழை ஈரத்தில் ஊறிய தளத்தில் பல கோட்டிங்குகள் சரியாகப் பிடிக்காது. போவோம், சுவரைத் தட்டிப் பார்ப்போம், தார்ப்பாய் கட்டிக் கொடுப்போம், தீபாவளி கழித்து உடைக்கலாம் என்று சொல்லிவிட்டுத் திரும்புவோம். ஆகவே மழை மாதங்கள்தான் எனக்குப் படம் பார்க்கும் மாதங்கள். அக்கா மகள் சயானில் கல்லூரியில் படிக்கிறாள், வெளிநாட்டுப் படப் பைத்தியம். அவள் லேப்டாப், கோலி என்று இங்கே சொல்கிற எங்கள் ஒற்றை அறை வீடு, நடுவில் ஒரு தட்டு வடாபாவ், வெளியே தகரத்தில் மழை.

கதை சுருக்கமாக இதுதான். யோஷிமி என்ற பெண் விவாகரத்துக்கு நிற்கிறாள். இகுகோ என்று ஐந்தாறு வயது மகள். மகளை யார் வைத்துக்கொள்வது என்று பஞ்சாயத்து. தனக்கு ஒரு வீடு, ஒரு வேலை இருக்கிறது என்று காட்ட வேண்டுமே, அதற்காக அவசரத்தில் ஒரு பழைய அடுக்குமாடியில் 305-ஆம் எண் வீட்டைப் பிடிக்கிறாள். மேலே 405. அங்கிருந்து ஒழுகுகிறது. லிஃப்டில் தரையில் தண்ணீர். குழாயைத் திறந்தால் தம்ளரில் முடி. மொட்டைமாடியில் ஒரு சிவப்புப் பை கிடக்கிறது, குழந்தைகள் தோளில் மாட்டுகிற பை. தூக்கிப் போட்டாலும் திரும்பி வருகிறது. காணாமல் போன ஒரு சிறுமியின் படம் போட்ட நோட்டீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறது. பேர் மித்ஸுகோ. மஞ்சள் மழைக்கோட்டு.

படம் எடுத்தவர்களுக்கு ஒழுகலைப் பற்றித் தெரிந்திருக்கிறது. இதை நான் சும்மா சொல்லவில்லை. நம் சினிமாவில் ஒழுகல் என்றால் வறுமையைக் காட்ட ஒரு ஈய வாளி, அதில் டொக் டொக். இங்கே அப்படி இல்லை. கறை முதலில் ஒரு நிழல் போல இருக்கிறது. விளக்கை அணைத்துப் போட்டுப் பார்க்கத் தோன்றும் அளவுக்குச் சந்தேகம். அடுத்த முறை பார்க்கும்போது கொஞ்சம் பெரிது. யாரும் அதைச் சுட்டிக்காட்டி இசை அடிப்பதில்லை. அவள் சமைக்கிறாள், துணி மடிக்கிறாள், நாம் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறோம். எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் இப்படித்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் மேலே போய்விடும். ஒழுகுகிற வீட்டில் இருப்பவர்களுக்குக் கழுத்து வலி நிச்சயம்.

கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைப்பவர்களால்தான் அரைகுறை ஆட்கள் இந்தத் தொழிலில் பிழைக்கிறார்கள். தண்ணீர் அப்படி நேராக வராது. மேல்வீட்டு பாத்ரூம் மூலையில் இறங்கும், ஸ்லாபுக்குள் கம்பியோடும் எலக்ட்ரிக் பைப்போடும் சேர்ந்து ஓடும், பத்தடி தள்ளி ஹாலில் ஃபேன் கொக்கியில் வந்து சொட்டும். ஹாலை உடைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்பான் தெரியாதவன். இந்தப் படமும் அப்படித்தான் நம்மைச் சுற்ற விடுகிறது. சொட்டுவது 305-ல், தண்ணீர் நிற்பது 405-ல், வந்தது மொட்டைமாடி டேங்கிலிருந்து. அதற்கும் மேலே ஒரு காரணம் இருக்கிறது, பிள்ளையை விட்டுவிட்டுப் போன ஒரு தாய். அவளைப் படம் நமக்குக் கண்ணில் காட்டுவதே இல்லை.

405-ன் கதவு திறக்கிற காட்சியில் என் வீட்டுக்காரி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் தரையைப் பார்த்தேன். வேலை முடிந்ததும் எல்லா வடிகாலையும் அடைத்து, தண்ணீர் கட்டி, சாக்பீஸில் கோடு போட்டு, ஒருநாள் இரண்டு நாள் விட்டுப் பார்ப்போம், பாண்டிங் டெஸ்ட் என்று. அந்த வீடு மொத்தமும் பாண்டிங் டெஸ்டில் நிற்கிற பாத்ரூம் மாதிரி இருந்தது. இவ்வளவு தண்ணீர் நின்றால் கீழே ஒரு கறை எப்படிப் போதும்? பிளாஸ்டர் பப்படி பப்படியாகப் பெயர்ந்து, கம்பி துருப்பிடித்து, காங்கிரீட் கட்டியாக விழ வேண்டாமா? இந்த இடத்தில் மட்டும் படம் தொழிலுக்குத் துரோகம் செய்கிறது. சரி, பேய்த் தண்ணீர்.

ஆனால் எனக்கு உண்மையில் பயம் வந்த இடம் பேய் வருகிற இடம் இல்லை. பிள்ளைக்காக நடக்கும் அந்த விசாரணை அறை. சத்தம் கிடையாது, மேஜையில் குத்துகிறவர் கிடையாது. எதிர்த்தரப்பில் ஒரு பழைய விஷயத்தை எடுக்கிறார்கள். யோஷிமி முன்னால் புரூஃப் பார்க்கிற வேலையில் இருந்தவள். கொடூரமான நாவல்களைத் திருத்திக்கொண்டிருந்த காலத்தில் மனசு பாதிக்கப்பட்டு வைத்தியம் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் கூரையைப் பார்த்துப் பயந்தாலும் அது அவளுக்கு எதிரான சாட்சி. மகளைக் கூப்பிட ஒருநாள் தாமதமானாலும் சாட்சி. பேயைப் பார்த்தேன் என்று வெளியே சொல்ல முடியாத பெண்ணைக் கதாநாயகியாக வைத்ததுதான் இந்தக் கதையின் கெட்டிக்காரத்தனம். வேறு பேய்ப் படங்களில் ‘வீட்டைக் காலி பண்ணிட்டுப் போ’ என்று நாம் கத்துவோம். இங்கே கத்த முடியாது. வீட்டை மாற்றினால் நிலையில்லாதவள் என்பார்கள், பிள்ளை போய்விடும்.

அப்போது ஜப்பானில் விவாகரத்துக்குப் பிறகு பெற்றோரில் ஒருவருக்குத்தான் பிள்ளை மீது சட்டப்படியான உரிமை. இருவரும் சேர்ந்து வைத்துக்கொள்ளவும் வழி விடும் சட்டத் திருத்தத்தை அவர்கள் நாடாளுமன்றம் நிறைவேற்றியதே 2024 மே மாதம்தான். இது தெரிந்து பார்த்தால் அந்த அறை இன்னும் குளிர்கிறது. தோற்றால் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்கிற ஆறுதல்கூட அவளுக்கு உறுதியில்லை. வக்கீல் ஒருவர் வருகிறார், கிஷிதா என்று. நல்ல மனிதர். அவர் வந்து நான்கு வார்த்தை அழுத்திப் பேசியதும் அந்த ஏஜென்டும் பெரியவரும் அசைகிறார்கள். பெண் சொன்னபோது காதில் விழாதது கோட்டுப் போட்ட ஆண் சொன்னால் விழுகிறது. வீட்டுக்காரி இந்த இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

யோஷிமியாக நடித்தவர் ஹிடோமி குரோகி. பெண்கள் மட்டுமே நடிக்கும் தகராசுகா மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர். மேடை நடிப்பின் சாயல் ஒரு இடத்திலும் இல்லை. களைத்துப் போன முகத்தை வைத்துக்கொண்டு மகளிடம் மட்டும் குரலைத் தூக்கிப் பேசுவார். வேலை விட்டு ஓடி வரும்போது மழையில் செருப்பு வழுக்கும் ஒரு ஓட்டம், அதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்து வராது. மகளாக வரும் ரியோ கன்னோ இன்னும் ஒரு படி மேலே. நம் ஊர் குழந்தை நட்சத்திரங்கள் போல வசனம் ஒப்பிக்காத குழந்தை. மூக்கை உறிஞ்சுகிறது, பொம்மையோடு பேசுகிறது, சும்மா நிற்கிறது.

இனி டேங்க். யோஷிமி கடைசியில் ஏணியில் ஏறி மொட்டைமாடி டேங்கைப் பார்க்கிறாள். கடைசியாக அதைத் திறந்து சுத்தம் செய்த தேதி அங்கே குறித்திருக்கிறது. மித்ஸுகோ காணாமல் போன அதே நாள், ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. மூடி திறந்திருந்த நேரத்தில் சிவப்புப் பை உள்ளே விழுந்திருக்கிறது, எடுக்கப் போன பிள்ளையும் விழுந்திருக்கிறது. ஆள் வந்து எட்டிப் பார்க்காமல் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். சாபம் இல்லை, மந்திரம் இல்லை, கொலைகூட இல்லை. ஒரு மூடி.

இந்த இடத்தில் நான் படத்தை நிறுத்தச் சொன்னேன். அக்கா மகளுக்குக் கோபம். ஆனால் நான் அந்த வேலை பார்க்கிறவன். டேங்க் உள்ளே இறங்கினால் என்னவெல்லாம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். சேறு, செத்த புறா, பாட்டில், ஒருமுறை ஒரு பள்ளிக்கூட டை. இந்த ஊரில் மாநகராட்சியின் கொசு ஒழிப்பு ஆட்கள் மலேரியாவுக்காக டேங்க் டேங்காக ஏறிப் பார்ப்பார்கள், மூடி இறுக்கமாக இருக்கிறதா, ஏற ஏணி இருக்கிறதா என்று. நோட்டீஸ் கொடுத்தால் சொசைட்டிக்காரர்களுக்கு எரிச்சல். கொசுவுக்காகப் போட்ட சட்டம்தான், ஆனால் அந்த மூடி பிள்ளையையும் காக்கும். 2024 மார்ச்சில் வடாலாவில் ஒரு பூங்காவில் விளையாடப் போன அண்ணன் தம்பி இரண்டு சின்னப் பிள்ளைகள், சரியான மூடி இல்லாத தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்துபோனார்கள். எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். அதனால் இந்தப் படத்தைத் தூரதேசத்துக் கதை என்று என்னால் பார்க்க முடியவில்லை.

இன்னொன்று. ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த பில்டிங் முழுக்க அந்தத் தண்ணீரைத்தானே குடித்தது? அந்தப் பெரியவரும் அதில்தானே டீ போட்டிருப்பார்? படம் இதை வாய்விட்டுச் சொல்லவே இல்லை. எனக்குத் தோன்றியதும் வடாபாவை ஓரமாக வைத்துவிட்டேன்.

முடிவுக்கு வருகிறேன். டேங்கை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடி, மகளைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறுகிறாள் யோஷிமி. கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பது தன் மகள் என்று நினைக்கிறாள். கதவுக்கு வெளியே, வீட்டிலிருந்து நடந்து வருகிறாள் உண்மையான இகுகோ. அப்படியானால் கையில் இருப்பது யார்? அது அவளை ‘அம்மா’ என்கிறது. அவள் உதறவில்லை. உதறினால் அது தன் மகளிடம் போகும். வெளியே அழுதுகொண்டு நிற்கும் தன் பிள்ளையைப் பார்த்துத் தலையை ஆட்டி, வராதே என்று, கையில் இருப்பதை அணைத்துக்கொண்டு ‘நான்தான் உன் அம்மா’ என்கிற மாதிரி ஏற்றுக்கொள்கிறாள். லிஃப்ட் மேலே போகிறது. இகுகோ படியில் ஓடுகிறாள். கதவு திறக்கும்போது கலங்கல் தண்ணீர்தான் கொட்டுகிறது.

அங்கே முடிந்திருக்கலாம் என்று அக்கா மகள் சொல்கிறாள். அவள் படித்த விமர்சனங்களிலும் அப்படிச் சொல்லியிருக்கிறதாம். அதற்குப் பிறகு பத்து வருடம் தள்ளிப் போகிறது கதை. இகுகோ மேல்நிலைப் பள்ளிப் பெண்ணாக, அப்பாவின் புதுக் குடும்பத்தோடு இருக்கிறாள். அந்தப் பாழடைந்த பில்டிங்குக்குத் தனியாக வருகிறாள். வீடு மட்டும் சுத்தமாக இருக்கிறது. அம்மா இருக்கிறாள், அதே வயதில். பேசுகிறார்கள். உன்னோடேயே இருக்கட்டுமா என்கிற மாதிரி மகள் கேட்கிறாள், முடியாது என்கிறாள் தாய், மன்னிப்புக் கேட்கிறாள். பின்னால் யாரோ நிற்பது போல இருக்கிறது, திரும்பிப் பார்த்தால் இல்லை. மறுபடி திரும்பினால் அம்மாவும் இல்லை.

வளவளவென்று இழுக்கிறது என்கிறார்கள். என்னைக் கேட்டால் படமே அந்தப் பத்து நிமிடம்தான். அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் ஒரு தாய் எப்படிப் போனாள் என்ற கதை. இதுதான் போன பிறகு பிள்ளைக்கு என்ன ஆனது என்கிற கதை. பேய்ப் படங்களில் செத்தவர்களுக்குத்தான் கணக்குப் பார்ப்பார்கள். மிஞ்சியவர்களை ஆம்புலன்ஸில் போர்வை போர்த்தி உட்கார வைத்துவிட்டு எழுத்துப் போட்டுவிடுவார்கள்.

எனக்கு ஏன் இது இவ்வளவு பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டால் விமர்சனம் பாதி ஆகிவிடும். என் அம்மா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு தமிழ் வீட்டில் வேலை பார்த்தாள். வீட்டு வேலை என்று போனவள், அங்கே ஒரு பெண் பிள்ளை பிறந்ததும் அதைப் பார்த்துக்கொள்கிற ஆளாகிவிட்டாள். அந்த மாமி பேங்கில் இருந்தார்கள், வர ராத்திரி ஆகும். பாப்பாவின் ஸ்கூல் பஸ் வருகிற நேரமும், எங்கள் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி விடுகிற நேரமும் ஒன்று. ஆகவே என்னைக் கூப்பிட அக்காதான் வருவாள், சில நாள் அவளும் வரமாட்டாள். மழை நாளில் பள்ளிக்கூட வாசலில் மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் குடையை விரிக்கிற சத்தம் எனக்கு இன்னும் பிடிக்காது. இந்தப் படமே அப்படித்தான் தொடங்குகிறது. சின்ன வயது யோஷிமி, பாலர் பள்ளியில், மழையில், வராத அம்மாவுக்காகக் காத்திருக்கிறாள்.

ராத்திரி அம்மா வந்ததும் முதல் பேச்சு பாப்பாவைப் பற்றித்தான் இருக்கும். பாப்பா இன்று இட்லி சாப்பிடவில்லை, பாப்பாவுக்குச் சளி. நானும் அக்காவும் பாப்பாவை நேரில் பார்த்ததைவிட அதிகம் கேட்டிருக்கிறோம். அம்மா இறந்தபோது அந்தப் பெண் புனேயிலிருந்து வந்திருந்தாள், வேலையில் இருக்கிற பெரிய பெண். எங்கள் சந்துக்குள் வழி கேட்டு வந்து, மூலையில் உட்கார்ந்து, என்னைவிட அதிகமாக அழுதாள். ‘என்னோட அம்மா’ என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள். எங்கள் சொந்தக்காரக் கிழவி ஒருத்தி, “ஏட்டி, இது யாருட்டி?” என்று சத்தமாகவே கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் பொய்யாகச் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் சாமியானாக்காரனிடம் கணக்குப் பேசப் போய்விட்டேன்.

மித்ஸுகோவும் கெட்ட பேய் இல்லை. கூப்பிட ஆள் வராத பிள்ளை, அவ்வளவுதான். தன் அம்மா வரவில்லை, அதனால் வருகிற அம்மாவைப் பிடித்துக்கொண்டது. அதன் மேல் கோபப்பட்டால் நமக்கே குற்ற உணர்வு வருகிற மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஆனால் இகுகோவுக்கு? தன் அம்மா தன்னைக் காப்பாற்றத்தான் போனாள் என்று பத்து வருடம் கழித்துத் தெரிந்தாலும், அம்மா இன்னொரு பிள்ளையின் கையில்தானே இருக்கிறாள். அந்தப் பெண் முகத்தில் நன்றியும் இருக்கிறது, பங்கு கேட்கிற ஒரு பார்வையும் இருக்கிறது. பெரிய இகுகோவாக வருகிற நடிகைக்குச் சில நிமிடம்தான், ஆனால் அந்தப் பார்வையை விடவில்லை.

வீட்டுக்காரி இதை ஒத்துக்கொள்வதாக இல்லை. “அந்தப் பிள்ளைக்கு அம்மா வேணும்னா அதோட அம்மாவத் தேடிப் போவேண்டியதானே. இவள என்னத்துக்குப் பிடிக்கி?” என்றாள். இல்லையென்றால் அது இகுகோவை எடுத்துவிடும் என்றேன். “எடுக்கட்டும்னு சொல்லல. ரெண்டு பிள்ளையையும் வச்சுக்கிட்டு அந்த வீட்டுலயே கெடக்க வேண்டியதான். செத்த பிள்ளைக்குச் சோறா போடணும்?” எனக்குப் பதில் தெரியவில்லை. ஜப்பான்காரர்களுக்கும் தோன்றாத யோசனை.

ஆங்கிலப் படத்தையும் அடுத்த வாரம் பார்த்தோம். வால்டர் சாலிஸ் இயக்கம், ஜெனிஃபர் கானலி நடிப்பு, நியூயார்க்கில் ரூஸ்வெல்ட் தீவில் கதை. அமெரிக்காவில் 2005 ஜூலையில் வெளியானது. அதே மாதம் 26-ஆம் தேதிதான் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்து இந்த ஊர் மூழ்கியது, தண்ணீரை வைத்து யாரும் நமக்குப் பயம் காட்ட வேண்டியிருக்கவில்லை. அந்தப் படம் மோசமில்லை. கட்டடத்தைப் பிரமாதமாகக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் பத்து வருடம் இல்லை, மூன்று வாரத்திலேயே மகளுக்கு அம்மா வந்து லிஃப்டில் தலை பின்னி ஆறுதல் சொல்லிவிடுகிறாள். அவ்வளவு சீக்கிரம் ஆறுகிற விஷயமா இது?

குறைகளும் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு இருபது நிமிடம் பை வருகிறது, போகிறது, வருகிறது என்று ஒரே இடத்தில் சுற்றுகிறது. லிஃப்டில் அந்தப் பேயைக் கிட்டத்தில் காட்டியிருக்க வேண்டாம். அதுவரைக்கும் ஒரு மஞ்சள் மழைக்கோட்டின் ஓரத்தை வைத்தே பயமுறுத்தியவர்கள், அங்கே மட்டும் மேக்கப்பை நம்பியிருக்கிறார்கள். அப்பன்காரன் பாத்திரம் மெல்லிசு, வில்லன் வேண்டுமே என்று வைத்தது போல இருக்கிறது. கெஞ்ஜி கவாய் இசை அடக்கமானது, மழைக்கு வழி விட்டு ஒதுங்கி நிற்கிறது. முடிவில் வரும் பாட்டு மட்டும் வேறு ஏதோ காதல் படத்திலிருந்து தப்பி வந்தது மாதிரி. அது தொடங்கியதும் எழுந்துவிடலாம்.

பார்ப்பவர்களுக்கு இரண்டு யோசனை. ஜப்பானிய ஒலியிலேயே, ஆங்கில எழுத்தோடு பாருங்கள். டப்பிங்கில் அந்தக் குழந்தை பேசுகிற விதம் போய்விட்டால் படமே போய்விட்டது. எங்களுக்கு அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள், வசனம் குறைவு என்பதால் அது போதுமாக இருந்தது. சின்னப் பிள்ளைகளோடு பார்க்காதீர்கள். ரத்தம் கிடையாது, வெட்டு குத்து கிடையாது, ஆனால் அம்மாவை விட்டுத் தூங்கமாட்டார்கள். சமீபத்தில் வீட்டில் யாரையாவது பறிகொடுத்தவர்கள் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம். பில்டிங்கில் டேங்க் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாத செக்ரட்டரிகளுக்குக் கட்டாயமாகப் போட்டுக் காட்ட வேண்டும்.

அக்கா மகள் ஐந்துக்கு மூன்றரை கொடுத்தாள், ஸ்லோ என்று. வீட்டுக்காரி மார்க்கெல்லாம் போட மாட்டாள், ஆனால் இரண்டாம் முறை நான் தனியாகப் போட்டபோது பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் நாலரை கொடுக்கிறேன். அரை பிடித்தது லிஃப்டில் காட்டிய அந்த மேக்கப்புக்கு.